ஆயிரம் மீட்டருக்கு மேலே

மனிதர்கள் எந்த இடத்தில் சமமாகிறார்கள் என்று ஞானிகள் பலர் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். மியூனிக்கில் இருப்பவர்களுக்கு அந்தச் சந்தேகம் கிடையாது. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் உயரத்தில். அதற்குக் கீழே இருக்கும்வரை ஆண் என்றால் ‘ஹெர்’ போட்டுக் குடும்பப் பெயர், பெண் என்றால் ‘ஃப்ராவ்’ போட்டுக் குடும்பப் பெயர், நிமிர்ந்த முதுகு, ‘நீங்கள்’. மலையேறி ஆயிரத்தைத் தாண்டிவிட்டால் எல்லோரும் ‘நீ’. மேலதிகாரியும் நீ, முன்பின் தெரியாதவனும் நீ. ஏன் என்று கேட்டால், மலையில் அப்படித்தான் என்பார்கள். உயரத்தில் காற்று குறைவு, மரியாதைக்கு மூச்சு வாங்குகிறது என்பது என் சொந்த ஆராய்ச்சி. இதுவரை யாரும் மறுக்கவில்லை; யாரும் கேட்கவும் இல்லை.

இந்த விதியை நம்பி ஒரு மனிதர் தன் வாழ்க்கையை மலைமேல் வைத்துவிட்டுக் கீழே குடியிருந்தார். அவர் பெயர் எர்மீனியோ வரேலா.

வரேலா போர்ச்சுகலின் தெற்கே, கார்க் மரங்கள் தவிர வேறெதுவும் நிமிர்ந்து நிற்காத சமவெளியில் பிறந்தவர். அவர் ஊரில் மேடு என்றால் எறும்புப் புற்று. பனி என்றால் குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில் ஒட்டிக்கொண்டிருப்பது. அப்படிப்பட்டவர் இளவயதில் மியூனிக்குக்கு வந்து ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் வெளிநாட்டுக்காரர் பிரிவில் சேர்ந்தார். பிழைக்க வந்த இடத்தில் கையைக் காலை முறித்துக்கொண்டவர்களுக்கு அவரவர் மொழியில் கடிதம் எழுதும் பிரிவு அது. நாங்கள் எல்லோரும் அப்படி வந்து சேர்ந்தவர்கள்தான். துருக்கிக்கு ஒருவர், கிரேக்கத்துக்கு ஒருவர், குரோவேஷியாவுக்கு த்ராகித்சா, போர்ச்சுகலுக்கு வரேலா. நாங்கள் எழுதியதில் அன்பு அதிகமாகிவிடாமல் பார்த்துக்கொள்ள உள்ளூர்க்காரர்கள் சிலர்.

வரேலா மேசையில் வந்து குவிந்தவை பெரும்பாலும் பனிச்சறுக்கில் உடைந்த கால்கள். ஒரு முழங்கால் எத்தனை திசையில் திரும்ப முடியும் என்று மருத்துவர்களைவிட அவருக்குத் தெரியும். ஆகவே, குளிர்காலத்தில் ஒரு வார இறுதிக்கு எங்கள் பிரிவு முழுவதும் டிரோல் மலைக்குப் பேருந்தில் போய் ஸ்கீ பண்ணிவிட்டு வரும் வழக்கம் உண்டு என்று கேள்விப்பட்டபோது, “எனக்கு அன்னிக்கு உடம்பு சரியில்லாம இருக்கும்” என்று இரண்டு மாதம் முன்னதாகவே சொல்லி வைத்தார்.

ஏற்பாட்டாளர் கோர்பினியன் லெஹ்னர் விடவில்லை. லெஹ்னர் உள்ளூர்க்காரர். பிரிவில் அவருக்கு வேலை என்ன என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியாது. ஆனால் பேருந்து ஏற்பாட்டில் அவரை அடிக்க ஆள் இல்லை.

“ஹெர் வரேலா, ஸ்கீ தெரியலைன்னா பரவாயில்ல. கீழ விழத் தெரியுமில்ல? அது போதும். மிச்சத்த மலை பாத்துக்கும்.”

போனார். மலைப்பாதையின் ஒரு வளைவில் சின்ன மாதா மாடம் ஒன்று, அதன் பக்கத்தில் ஆயிரம் என்று எழுதிய பலகை. அங்கே ஓட்டுநர் இரண்டு முறை ஹார்ன் அடிப்பார். உடனே லெஹ்னர் பேரிக்காய்ச் சாராயப் புட்டியைத் திறந்து வரிசையாக ஊற்றிக்கொண்டே வருவார். பக்கத்தில் இருப்பவரோடு குவளையைத் தட்டி, கைகுலுக்கி, அவரவர் சொந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். அந்த நொடியிலிருந்து ‘நீ’. ஞாயிற்றுக்கிழமை இறங்கும்போது அதே வளைவில் மறுபடி இரண்டு ஹார்ன். சாராயம் கிடையாது. எல்லோரும் தொண்டையைச் செருமிக்கொண்டு ஹெர், ஃப்ராவ் ஆகிவிடுவார்கள். இரண்டு நாள் ஒரே பரணில் பாய்போல் விரித்த மெத்தைகளில் வரிசையாகப் படுத்து, ஒருவர் காலுறை நாற்றத்தை ஒருவர் மோந்தவர்கள், “தங்கள் பையை எடுத்துத் தரட்டுமா?” என்பார்கள். பார்க்க அழகாக இருக்கும்; பேய் விட்டு இறங்கியதுபோல.

அந்த முதல் பயணத்தில் வரேலாவுக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தவர் இர்ம்கார்ட் ரைஷல். அலுவலகத்திலும் எதிர் மேசை. வரேலாவைவிடச் சில வயது மூத்தவர். பென்சிலைக் கத்தியால் சீவுவார். அவர் சீவிய பென்சிலைப் பார்த்தால் யாருக்கும் பொய் சொல்ல வராது. குவளையைத் தட்டி, “நான் இர்மி,” என்றார்.

“நான் எர்மீனியோ.”

“தெரியும். எர்மீனியோ,” என்றார் இர்மி.

இதில் என்ன இருக்கிறது என்பீர்கள். வரேலாவின் பெயர் எழுத்தில் ‘ஹ’வில் தொடங்கும், அவர் ஊரில் அதை உச்சரிப்பதில்லை. மியூனிக்கில் வீட்டுக்காரரிலிருந்து தபால்காரர்வரை ஆளுக்கொரு ‘ஹ’வை அவர் முகத்தில் ஊதிக்கொண்டிருந்தார்கள். அவரும் திருத்துவதை விட்டிருந்தார். இந்தப் பெண்மணி அவர் ஊரில் அவர் அம்மா கூப்பிடுவதுபோல் கூப்பிட்டார். எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்கத் தோன்றி, ‘கொண்டீர்கள்’ ஆகாது என்று நினைவு வந்து, “எங்க கத்துக்கிட்டே?” என்றாராம்.

“உங்கம்மா ஆபீஸுக்கு போன் பண்ணாங்களே, போன மாசம்? நான்தானே எடுத்தேன்.”

அவ்வளவுதான். பனி தெரியாத ஊர்க்காரர் அந்த வளைவிலேயே சறுக்கிவிட்டார்.

மறுநாள் மதியம் இர்மி தன் சறுக்கலை விட்டுவிட்டு, குழந்தைகளுக்கான சரிவில் வரேலாவுக்குக் கற்றுக்கொடுத்தார். இர்மி ஸ்கீயில் இறங்குவது கையெழுத்துப் போடுவதுபோல் இருக்கும். ஒரே இழுப்பு, கடைசியில் ஒரு சுழி. வரேலா இறங்குவது அடித்துத் திருத்திய வரைவுபோல்.

“முட்டிய மடக்கு. இன்னும். என்ன, சர்ச்சில நிக்கிற மாதிரி நிக்கறே? பலகைய ஆப்பு மாதிரி வை. முன்னாடி ரெண்டும் சேரணும்.”

“சேந்தா கவிழ்ந்துடுவேன்.”

“கவிழ். நான் எதுக்கு இருக்கேன்?”

இடைவேளையில் வரேலா பையிலிருந்து ஆரஞ்சுப் பழங்களை எடுத்தார். ஜனவரியில் அவர் அண்ணன் ஊரிலிருந்து ஒரு பெட்டி அனுப்புவார். கையுறையைக் கழற்றிவிட்டு எல்லோருக்கும் உரித்துக் கொடுத்தார். விரல்கள் நீலம் பாரித்தன.

“எர்மீனியோ, போதும். கையுறையப் போட்டுக்கோ.”

இந்த ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு அவர் ஊர் திரும்பினார். திங்கட்கிழமை காலை அலுவலக நடையில் இர்ம்கார்ட் ரைஷல் எதிரே வந்தார். வரேலா முகமெல்லாம் பல்லாக, “இர்மி, காபி குடிக்க வரியா?” என்றார்.

நடை முழுவதும் உறைந்தது. ரைஷலின் கழுத்திலிருந்து நெற்றிவரை சிவப்பு ஏறியது.

“ஹெர் வரேலா, காபி இயந்திரம் எங்க இருக்குன்னு உங்களுக்கே தெரியும்.”

அந்த ஒரு குட்டு, ஐயா. ஆள் அதற்குப் பிறகு ஓய்வுபெறும் வயதுவரை தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். விதியை உள்ளூர்க்காரன் மீறினால் அது குறும்பு. வெளியூர்க்காரன் மீறினால் அது அவன் நாடு. வரேலா தன் நாட்டை யாரும் எதுவும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக உள்ளூர்க்காரர்களைவிட இறுக்கமாக விதிகளைப் பிடித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை ஆணி அடிக்க மாட்டார். ஆளில்லாத தெருவில் சிவப்பு விளக்குக்கு நிற்பார். த்ராகித்சா இதற்கு நேர் எதிர். அவர் கடற்கரைக்காரி. “எங்க ஊர்ல பூஜ்யம் மீட்டர்லயே எல்லாரும் நீதான்,” என்று பெரிய இயக்குநரையே ‘நீ’ என்பார். தெற்கத்திக்காரி, பாவம் என்று மன்னித்துவிடுவார்கள். மன்னிக்கப்படுவது வரேலாவுக்குப் பிடிக்காது.

அந்த ஊர் நாகரிகத்தில் இன்னொரு நுணுக்கம் உண்டு. கீழே இருக்கும்போதே இரண்டு பேர் ‘நீ’க்கு மாறிக்கொள்ளலாம், ஆனால் யார் முதலில் கேட்பது என்பதற்கு வரிசை இருக்கிறது. ஆணும் பெண்ணும் என்றால் பெண் கேட்க வேண்டும். இளையவர் மூத்தவர் என்றால் மூத்தவர் கேட்க வேண்டும். வரேலா இதைத் தெளிவாகக் கற்றுவைத்திருந்தார். ரைஷல் பெண், மூத்தவர். இரண்டு கணக்கிலும் அவர்தான் கேட்க வேண்டும். ஒருநாள் கேட்பார். அதுவரை காத்திருப்பது மரியாதை.

காத்திருந்தார். வருஷம் முழுவதும் எதிர் மேசையில் ‘நீங்கள்’. குளிர்காலத்தில் இரண்டு நாள் ‘நீ’. அந்த இரண்டு நாளுக்காகக் கோடையிலேயே முழங்கால் பயிற்சி செய்வார். மலைக் குடிலில் பிய்த்துப்போட்ட அப்பமும் ப்ளம் கூழும் தின்றபடி இருவரும் சன்னல் ஓரம் உட்கார்ந்து பேசுவார்கள். இர்மியின் அப்பா ஆற்றில் போனது, எர்மீனியோவின் அண்ணிக்கு ஆரஞ்சுத் தோட்டத்தின் மேல் கண், இர்மிக்கு நிச்சயமாகி நின்றுபோன கல்யாணம். திங்கட்கிழமை காலை அத்தனையும் தெரியாதவர்கள்போல், “வணக்கம், ஃப்ராவ் ரைஷல்.” “வணக்கம், ஹெர் வரேலா.”

த்ராகித்சாவுக்குப் பொறுக்காது. “மனுஷா, போய் கேட்டுத் தொலையேன். இல்லைன்னா அவள ஒலிம்பிக் கோபுரத்துக்காவது கூட்டிட்டுப் போ.”

“பத்தாது,” என்றார் வரேலா. “உச்சிக்கே போனாலும் ஆயிரம் வராது. கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்.”

த்ராகித்சா அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். “நான் கிண்டலுக்குச் சொன்னேன்,” என்றார்.

பிறகு வரேலாவைப் பிரிவுத் தலைவராக்கினார்கள். எங்களுக்கெல்லாம் சந்தோஷம். ரைஷல் கை குலுக்கி வாழ்த்தினார். வாழ்த்திவிட்டுக் கொஞ்சம் கூடுதலாக நின்றார் என்று த்ராகித்சா சத்தியம் செய்கிறார். எதற்கு நின்றார் என்று அப்போது யாருக்கும் புரியவில்லை. வரேலாவுக்கு ஒரு கவலை கூடியது: இப்போது தான் மேலதிகாரி. கீழே வேலை செய்யும் பெண்ணிடம் நெருங்கிப் பேசினால் அதிகாரத்தைக் காட்டுவதுபோல் ஆகாதா? ஆகவே இன்னும் ஒரு அடி பின்னால் நின்றார். பின்னால் நகர்வதில் மட்டும் அவர் கைதேர்ந்த ஸ்கீக்காரர்.

ரைஷல் ஓய்வுபெறப்போகும் குளிர்காலம் வந்தது. இந்த முறை மலையில் தானே கேட்டுவிடுவது என்று வரேலா முடிவுசெய்தார். கல்யாணம், காதல் என்றெல்லாம் அல்ல. கீழேயும் ‘நீ’ என்று சொல்லலாமா என்பதுதான் கேள்வி. அவருக்கு அதற்குள் எல்லாமே இருந்தது. த்ராகித்சாவிடம் ஒத்திகைகூடப் பார்த்தார்.

“இவ்வளவு நீளமா வேண்டாம்,” என்றார் த்ராகித்சா. “முதல் வாக்கியத்துக்குள்ள ரெண்டு தடவை மன்னிப்புக் கேக்கறே.”

அந்த வருஷம் பனி கொட்டித் தீர்த்தது. எந்த அளவுக்கு என்றால், சரிவு விழும் அபாயம் என்று மலைக் குடிலுக்குப் போகும் சாலையையே மூடிவிட்டார்கள். லெஹ்னர் அசரவில்லை. பள்ளத்தாக்கில் ஒரு விடுதி பிடித்தார். பக்கத்திலேயே ஒரு சரிவு. ஒரே ஒரு குறை. அந்த ஊர் எழுநூறு மீட்டரில் இருந்தது.

பேருந்தில் ஹார்ன் அடிக்கவில்லை. சாராயப் புட்டி லெஹ்னரின் பையிலேயே கிடந்தது.

“ஒரு தடவைக்கு விட்டுக்கொடுங்களேன், ஹெர் லெஹ்னர்,” என்று யாரோ கேட்டார்கள்.

“விதி விதிதான். இங்க விட்டுக்கொடுத்தா நாளைக்கு ஆபீஸ் கேன்டீன்ல கேப்பீங்க.”

ஆக, இரவு உடையில், வாயில் பல் துலக்கியோடு, கழிப்பறை வாசலில் வரிசை நின்றுகொண்டு, “தாங்கள் முதலில்,” “இல்லை, தாங்கள்,” என்று எங்கள் சனிக்கிழமை கழிந்தது. வரேலா சாப்பிடவில்லை. எதிரே ரைஷல் உப்பு கேட்டபோது உப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு, சாலை மூடப்பட்டிருக்கும் மலையைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் கண்ணில் ஒரு பலகை பட்டது. சரிவுக்கு ஏறும் தொங்கு நாற்காலி லிஃப்ட்டின் உச்சி நிலையம், உயரம் ஆயிரத்து முப்பது. ஆயிரத்துக்கு மேலே இரண்டு தென்னை மர உயரம். போதும்.

ரைஷல் லிஃப்ட் வரிசையில் நின்றிருந்தார். வரேலா போய்ப் பக்கத்தில் நின்றார்.

“ஃப்ராவ் ரைஷல், நானும் மேல வரட்டுமா?”

“ஹெர் வரேலா, அது கறுப்புச் சரிவு. நல்லா சறுக்கறவங்களே யோசிப்பாங்க. எப்படி இறங்குவீங்க?”

“அத அப்புறம் பாத்துக்கலாம்.”

அதற்குப் பிறகு நடந்ததில் பாதி வரேலா சொன்னது. மீதி, அவர் சொல்லாமல் விட்டதை த்ராகித்சா பிடுங்கியது.

இருவர் உட்காரும் நாற்காலி. காற்று பலமாக இருந்தது. கால்களில் பலகைகள் ஆடின. வரேலா கீழே பார்க்காமல் கம்பங்களையே பார்த்துக்கொண்டு வந்தார். மேலே, கடைசிக்கு முந்தின கம்பத்தில் யாரோ ஒரு பொறுப்புள்ள ஆள் சிவப்புக் கோடு போட்டு ஆயிரம் என்று எழுதியிருந்தார். அதைத் தாண்டினார்கள். ரைஷல் அவர் பக்கம் திரும்பினார்.

“பயமா இருக்கா, எர்மீனியோ?”

“இப்ப இல்ல.”

உச்சியில் இறங்கும்போது வரேலா விழுந்தார். இர்மி தூக்கிவிட்டார். லிஃப்ட்காரரின் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு. வரேலா கையுறையைக் கழற்றி, பையிலிருந்து ஆரஞ்சை எடுத்தார். உரிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

“இர்மி, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்.”

“எனக்கும் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நான் முதல்ல சொல்லிடறேன், இல்லைன்னா தைரியம் போயிடும். ஈஸ்டருக்கு அப்புறம் நான் பாஸாவ் போறேன். அங்கயே இருக்கப் போறேன். ஒருத்தர் இருக்கார். ஸெவெரின். மியூனிக்ல டிராம் ஓட்டினவர், பொண்டாட்டி தவறிட்டா.”

வரேலா ஆரஞ்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எப்படிப் பழக்கம்?” என்று கேட்டார். கேட்காமலிருந்தால் காற்றின் சத்தம் மட்டும் கேட்கும்.

“மார்க்கெட்ல. முள்ளங்கி பொறுக்கிக்கிட்டிருந்தேன். பக்கத்துல வந்து, ‘இது உள்ள பஞ்சு மாதிரி இருக்குமா, நீயே சொல்லு’ன்னார். முதல் வார்த்தையே. கீழ, முள்ளங்கிக் கடையில. நான் திகைச்சுப் போயிட்டேன். ‘நாம அறிமுகமானவங்களா’ன்னேன். ‘இப்ப ஆயிட்டோமே’ன்னார்.” இர்மி சிரித்தார். “நீ என்ன கேக்க வந்தே?”

“ஒண்ணுமில்ல.”

“எர்மீனியோ.”

“கீழயும் இப்படியே பேசிக்கலாமான்னு கேக்க வந்தேன்.”

இர்மியின் சிரிப்பு முகத்திலேயே நின்றுபோனது.

“இதையா? இதையா இத்தனை வருஷம் வெச்சிருந்தே?”

“நீ பொம்பள. மூத்தவ. நீதானே கேக்கணும்? நான் ஒரு தடவை கேட்டு, காபி இயந்திரம் எங்க இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டேன்.”

“அன்னிக்கு உன் முதுகுக்குப் பின்னாடி இயக்குநர் டாக்டர் ஹோல்ட்ஸர் நின்னுக்கிட்டிருந்தார்! நான் சேந்து நாளாகல. வேற என்ன சொல்றது? மறுபடி ஒரு தடவை நீ கேப்பேன்னு பாத்தேன். அப்புறம் நானே கேக்கலாம்னு தைரியம் வந்த நேரத்துல உன்னைத் தலைவராக்கிட்டாங்க. தலைவர்கிட்ட கீழ இருக்கறவ கேக்க முடியுமா? மேல இருக்கறவர்தான் கேக்கணும். அன்னிக்குக் கை குலுக்கிட்டு நின்னேனே, எதுக்கு நின்னேன்னு நெனச்சே? இப்ப கேப்பான்னு நின்னேன்.”

ஆக விஷயம் இதுதான். அந்த ஊர் விதியில் ஆண் பெண்ணுக்கு ஒரு கிளை, வயதுக்கு ஒரு கிளை, அலுவலகப் பதவிக்கு ஒரு கிளை. அவர் ஒரு கிளையில் உட்கார்ந்து காத்திருந்தார், இவர் இன்னொரு கிளையில். இரண்டுபேரும் விதிப்படி நடந்தார்கள். ஒருவர்கூடத் தப்புச் செய்யவில்லை. தப்புச் செய்தவன் டிராம் ஓட்டினவன். அவன் முள்ளங்கியோடு பெண்ணையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

இருவரும் முதலில் சிரித்தார்களாம். பிறகு இர்மி சிரிக்கவில்லை. வரேலா கொஞ்ச நேரம் கூடுதலாகச் சிரித்துக்கொண்டிருந்தாராம்.

“அவர் நல்லவரா?” என்று கேட்டார்.

“நல்லவர். உன்னை மாதிரி நெறய யோசிக்க மாட்டார்.”

கொட்டகையிலிருந்து லிஃப்ட்காரர் தலையை நீட்டினார். “காத்து ஏறுது. லிஃப்ட்ட நிறுத்தப் போறோம். ஸ்கீயில போறவங்க போங்க. ஏய், உன்னைத்தான், ஆரஞ்சுக்காரா! நீ எப்படிப் போறே?”

“நாற்காலியிலதான்.”

“நாற்காலியில ஏறுவாங்க. இறங்கறதுக்குமா நாற்காலி? அஞ்சு வயசுப் பிள்ளைங்ககூட சறுக்கிட்டுப் போகுது!”

“நானும் அவனோட நாற்காலியிலதான் போறேன்,” என்றார் இர்மி. “உனக்கென்ன நஷ்டம்?”

அந்தச் சரிவில் கையெழுத்துப்போல் இறங்கக்கூடியவர், பலகைகள் தொங்க அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். காலி நாற்காலிகள் எதிரே ஏறி வந்துகொண்டிருந்தன. இர்மியின் தோள் அவர் தோளில் பட்டுக்கொண்டிருந்தது. காற்றினாலா என்று வரேலாவுக்கு நிச்சயமில்லை. அவர் ஒன்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே சிவப்புக் கோடு போட்ட கம்பம் வந்துகொண்டிருந்தது. அங்கே ஹார்ன் அடிக்கப் பேருந்து இல்லை. லெஹ்னர் இல்லை. ஹோல்ட்ஸர் செத்து வெகு காலமாகிவிட்டது. கேட்பதற்கு ஒரு காக்காய்கூட இல்லை. இந்தக் கோட்டைத் தாண்டியபிறகு ஒரே ஒரு தடவை இர்மி ‘நீ’ என்றால் போதும். வேறெதுவும் வேண்டாம். பாஸாவுக்குப் போகட்டும். டிராம்காரனோடு நூறு வருஷம் இருக்கட்டும். ஒரு தடவை, கீழே.

கம்பம் தாண்டியது.

இன்னொரு கம்பமும் தாண்டியது. இர்மி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். வரேலாவின் வெறுங்கைகள் ஆரஞ்சைப் பிடித்தபடி மடியில் இருந்தன. விரல்கள் நீலமாகியிருந்தன. இர்மி அதைக் கவனித்தார். வாய் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

“கையுறையப் போட்டுக்கோங்க, ஹெர் வரேலா.”

வரேலா போட்டுக்கொண்டார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று நாங்கள் வாரக்கணக்கில் கேன்டீனில் விவாதித்தோம். பழக்கதோஷம் என்றது ஒரு கட்சி. கல் மனசு என்றது இன்னொன்று. த்ராகித்சா மட்டும், “முட்டாள்களா, அவ நாளைக்கு இன்னொருத்தனோட குடித்தனம் பண்ணப் போறா. மனுஷன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போக முடியாதத அவன் கையில குடுக்காம விட்டுட்டா,” என்றார். சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினார்.

ஈஸ்டருக்கு முன் பிரிவுபசார விழா. பிரிவுத் தலைவர் என்ற முறையில் வரேலா உரை ஆற்றினார். “மதிப்புக்குரிய ஃப்ராவ் ரைஷல், தங்கள் உழைப்பை எங்கள் பிரிவு என்றும் மறக்காது,” என்று தொடங்கி, எந்த மொழியிலும் மொழிபெயர்க்கத் தேவையில்லாத மாதிரிப் பேசினார். ஒரு வாக்கியத்தில்கூட மன்னிப்புக் கேட்கவில்லை. ரைஷல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். ஸெவெரின் வந்திருந்தார். நல்ல மனிதர்தான். எல்லோரையும் ‘நீ’ என்றார். வரேலாவின் முதுகில் தட்டி, “இவ உன்னைப் பத்தி நெறயச் சொல்லியிருக்கா,” என்றார்.

“என்னைப் பத்தியா?” என்றார் வரேலா.

“ஆமா. ரொம்ப மரியாதையான ஆள்னு.”

எதிர் மேசைக்கு வேறு ஆள் வந்தார். குளிர்காலப் பயணத்துக்கு வரேலா அதற்குப்பின் வரவில்லை. முழங்கால் என்றார். எங்களில் யாரும் அவரிடம் சான்று கேட்கவில்லை.

சில வருஷம் கழித்து நிறுவனத்தின் மேலிடம் மாறியது. இளையவர்கள் வந்தார்கள். கழுத்துப்பட்டை போனது, சுவர்கள் போய்க் கண்ணாடித் தடுப்புகள் வந்தன. ஒரு வெள்ளிக்கிழமை எல்லோர் கணினிக்கும் சுற்றறிக்கை வந்தது. வரும் திங்கள் முதல் இந்த நிறுவனத்தில் எல்லோரும் எல்லோரையும் ‘நீ’ என்றே அழைக்க வேண்டும்; நாம் ஒரே குடும்பம். அடியில் சிரித்த முகம் ஒன்று. அவ்வளவுதான். மலை வேண்டாம், மாதா மாடம் வேண்டாம், சாராயம் வேண்டாம். ஐந்நூறு மீட்டர் உயரத்தில், கம்பளம் விரித்த தரையில், உத்தரவு போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

லெஹ்னர் அன்றே ஓய்வுக்கு விண்ணப்பித்தார். வரேலா அந்தச் சுற்றறிக்கையை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை புதிதாகச் சேர்ந்த பெண் அவர் அறைக்குள் எட்டிப்பார்த்து, “ஹெர்மீனியோ, காபி குடிக்க வரியா?” என்றது. தாராளமாக ஒரு ‘ஹ’ போட்டு.

“இயந்திரம் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்,” என்றார் வரேலா. அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. த்ராகித்சாவுக்குப் புரிந்தது.

ஒவ்வொரு டிசம்பரிலும் கிறிஸ்துமஸுக்கு முன்னால் பாஸாவிலிருந்து ஒரு தொலைபேசி வரும். ஐந்து நிமிஷம் ஆரோக்கியம், வானிலை, யார் போனார் யார் வந்தார். சுற்றறிக்கை வந்த வருஷமும் வந்தது. த்ராகித்சா அதே அறையில்தான் இருந்தார். வெளியே போவதுபோல் எழுந்து, போகாமல் அலமாரியைக் குடைந்தார்.

“நல்லா இருக்கேன், ஃப்ராவ் ரைஷல். நீங்க?” என்றார் வரேலா. வரேலாவுக்கு அவர் என்றும் ரைஷல்தான். பாஸாவில் வாசல் மணியில் யாருடைய குடும்பப் பெயர் எழுதியிருந்தால் என்ன.

மறுமுனையில் ரைஷலின் குரல் கணீரென்று இருந்ததால் அலமாரிவரை கேட்டது. “அங்க இப்ப எல்லாரும் ‘நீ’தானாமே? லெஹ்னர் அழாத குறையாச் சொன்னார்.”

“ஆமா. உத்தரவு.”

“உங்களையுமா?”

“என்னையும்.”

பிறகு ரைஷல் பென்சிலைச் சீவுவதுபோல் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். “அப்படின்னா, ஹெர் வரேலா… இப்ப நீங்க எனக்குத் தலைவர் இல்ல. நான் பொம்பள. மூத்தவ. அதனால நான் கேக்கறேன். நாமளும் மாத்திக்கலாமா?”

த்ராகித்சா அலமாரியின் கதவைப் பிடித்துக்கொண்டார்.

வரேலா அறைக்கு வெளியே பார்த்தார். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் முப்பது நாற்பது பேர் ஒருவரையொருவர் ‘நீ’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“வேண்டாம், ஃப்ராவ் ரைஷல்,” என்றார்.

“கோபமா?”

“இல்ல. இங்க எல்லாரும் எனக்கு நீதான். மேல இருக்கறவரும், நேத்து வந்தவங்களும். ‘நீங்க’ன்னு கூப்பிட எனக்கு வேற யாரும் மிச்சமில்ல.”

மறுமுனையில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது என்கிறார் த்ராகித்சா. ஆனால் அது அவருடையதாகவே இருக்கலாம்.

“அங்க பனி பெய்யுதா?” என்றார் ரைஷல் கடைசியில்.

“பெய்யுது.”

“வெளிய போறப்ப கையுறையப் போட்டுக்கோங்க.”

“சரிங்க.”

வரேலா தொலைபேசியை வைத்தார். மேசை இழுப்பறையைத் திறந்து கையுறைகளை எடுத்தார். ரேடியேட்டர் கொதிக்கும் அறையில் அவற்றை ஒவ்வொரு விரலாக மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதற்கும் ஒரு பேச்சு வைத்திருக்கும் த்ராகித்சா அலமாரிக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வெளியே வந்து, அறை வாசலில் நின்றுகொண்டு, உள்ளே போக வந்தவர்களை எல்லாம் திருப்பி அனுப்பினார்.